காவிரி நீரும் கோலார் விளக்கும்

பாலாற்றின் மணற்பரப்பைக் கண்டு பழகியவர்கள் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதி மக்களாகிய நாம். ஆற்றில் வெள்ளம் வருவது நமக்குத் திருநாள், வாராதிருப்பதே வழக்கம். ஆகவே, ‘ஓடும் நீரைக் கொண்டு ஓயாமல் மின்சாரம் எடுப்பது எங்ஙனம்? கோடையில் ஆறு வற்றினால் என் செய்வர்?’ என்னும் வினா நம் உள்ளத்தில் எழுதல் இயல்பே. இவ்வினாவுக்கு விடை தேடியோரின் வரலாறு நமக்கு அண்மையிலுள்ள கோலார் தங்கவயலோடு பிணைந்து கிடக்கிறது.

நம் மாவட்டத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பிழைப்புத் தேடிச் சென்ற இடம் அது. சுரங்கத்தின் ஆழத்தில் ஊறும் நீரை இறைக்கவும், ஆட்களை ஏற்றி இறக்கவும், பாறையை இடித்துப் பொடியாக்கவும் அங்கே இரவு பகலாக ஆற்றல் வேண்டியிருந்தது. நீராவி எந்திரங்களுக்கு நிலக்கரியோ தொலைவிலிருந்து வரவேண்டும். மைசூர் திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில், ஜோலி டி லாட்பினியர் என்னும் பொறியாளரின் திட்டப்படி, காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின் நிலையம் அமைக்கும் பணி தொடங்கிற்று. 1901இல் சேஷாத்திரி ஐயர் காலமானார். மறு ஆண்டு, 1902 ஜூன் 30இல், மின்சாரம் 92 மைல் கடந்து கோலாரை அடைந்தது. 1897இல் டார்ஜிலிங்கை அடுத்த சித்ராபோங்கில் எழுந்த சிறு நிலையத்தின் ஆற்றல் 130 கிலோவாட். சிவசமுத்திரத்தின் தொடக்க ஆற்றலோ 4,320 கிலோவாட்.

அங்கு நீரைக் கையாண்ட முறை நம் ஏரிப் பாசனம் அறிந்தவர்க்குப் புதிதன்று. வாலாஜாவுக்கு அருகே பாலாற்றில் அணைக்கட்டு நீரைத் தடுக்க, கால்வாய் அதனைக் காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கொண்டு சேர்ப்பதை நாம் அறிவோம். அவ்வாறே சிவசமுத்திரத்திலும் அருவிக்கு மேலே தாழ்ந்த அணையொன்று நீரைத் திருப்பிற்று. கால்வாய் அதனை மலைவிளிம்பில் இருந்த தொட்டிக்குக் கொணர்ந்தது. அங்கே வண்டல் படியும். இலையும் சருகும் இரும்புக் கம்பித் தடுப்பில் தங்கும். தெளிந்த நீர் பெருங்குழாய்கள் வழியே ஏறத்தாழ 400 அடி கீழிறங்கி, டர்பைன் என்னும் நீர்ச்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு மீண்டும் ஆற்றிலேயே சேரும். அருவியின் உயரமே அங்கு மூலதனம், நீர் செலவாவதில்லை.

ஆயினும் ஒரு குறை இருந்தது. தாழ்ந்த அணை நீரைத் திருப்புமேயன்றிச் சேமிக்காது. தென்மேற்குப் பருவத்தில் காவிரி கரைபுரண்டோடும். மார்ச்சு முதல் மே வரை மெலிந்துவிடும். சுரங்கத்தின் தேவையோ பன்னிரு மாதமும் ஒன்றே. 1905இல் பெங்களூர்த் தெருக்களுக்கும் மின்விளக்கு வந்தபின் தேவை மேலும் பெருகிற்று. மழைக்கால நீரைக் கோடைக்கு நிறுத்தி வைப்பதன்றி வேறு வழியில்லை. இதன் பொருட்டும் பாசனத்தின் பொருட்டும் 1911இல் கண்ணம்பாடியில் அணை எழத் தொடங்கிற்று. விசுவேசுவரய்யா முன்னின்று நடத்திய அவ்வணையே பின்னர் கிருஷ்ணராஜ சாகர் எனப் பெயர் பெற்றது.

வழக்கும் இங்கேதான் மூண்டது. ‘மின்சாரம் நீரைக் குடிப்பதில்லை’ என்பது உண்மை. ஆனால் அதற்கெனத் தேக்கும்போது நீர் வரும் காலம் மாறிவிடுகிறது. ஆடியில் நாற்றுக்கு வேண்டிய நீர் பங்குனியில் வந்தால் தஞ்சை உழவனுக்கு என்ன பயன்? நம் ஃபிக்ஹு நூல்கள் ‘ஷிர்ப்’ என்னும் தலைப்பில் பாசன நீரின் பங்கைத் தனியே ஆராய்கின்றன. அப்பங்கு அளவோடு முறையையும் சேர்த்தே எண்ணப்படுகிறது. ஒருவனது முறைக்காலமும் அவனது உரிமையே. சென்னை மாகாணம் எழுப்பிய முறையீட்டின் சாரமும் அதுவே. 11 டி.எம்.சி. நீருக்கே முதலில் இசைவு கிடைத்திருக்க, மைசூர் 41.5 டி.எம்.சி. கொள்ளும் அணைக்கு அடித்தளமிட்டது. 1914இல் நீதிபதி கிரிஃபின் அளித்த நடுவர் தீர்ப்பைச் சென்னை ஏற்கவில்லை. வழக்கு இலண்டன் வரை சென்று, 1924 பிப்ரவரி 18இல் உடன்படிக்கையாக முடிந்தது. மைசூரின் அணையோடு, 93.5 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூர் அணைக்கும் அதன்வழி பாதை திறந்தது.

1934இல் திறக்கப்பட்ட மேட்டூரில் முறை வேறு. அங்கே பாசனமே தலைமை; மின்சாரம் அதன் பின்னே செல்வது. வயலுக்கு விடும் நீரே 1937 முதல் சக்கரத்தையும் சுழற்றியது. வழக்கமாக ஜூன் 12இல் மதகு திறக்கும். ஜனவரி 28இல் மூடும். மதகு மூடினால் மின்சாரமும் மெலியும். அக்குறையை ஈடுசெய்ய நீலகிரியின் பைக்காரா துணை நின்றது. 1932இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தில் நீர் விழும் உயரம் 3,000 அடிக்கும் மேல். ஆகவே சிறிது நீரே பெரும்பயன் தந்தது. 1938இல் முக்கூர்த்தி அணை எழுந்தபின் மழைநீரைச் சேமிக்கவும் இடமாயிற்று. ஒன்று தளரும்போது மற்றொன்று தாங்குமாறு இரண்டையும் கம்பியால் இணைத்தனர். மேட்டூர் மின்சாரம் நம் வட ஆர்க்காட்டுக்கும் வந்து சேர்ந்தது.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. கோலார் சுரங்கங்கள் காவிரியால் இயங்கின. அங்கு வாழ்ந்தோர் பருகியது பேத்தமங்கலத்தில் தேக்கிய பாலாற்று நீரை. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன; சிவசமுத்திர நிலையம் நூற்றாண்டைக் கடந்தும் நிற்கிறது. 1892இல் மைசூரும் சென்னையும் செய்த உடன்படிக்கையில் காவிரியோடு பாலாறும் இடம்பெற்றதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். மேட்டிலிருப்போன் கையில் உள்ள மதகுச் சாவி, தாழ விருப்போனுக்காக அவன் காக்கும் அமானிதம். அதன் கணக்கில் நீரின் அளவும் உண்டு. அதனை விடும் நாளும் உண்டு.