பட்டறை அரிவாளும் கல்பாக்கம் குழாயும்

பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கொல்லுப்பட்டறைகளில் பழைய லாரிப் பட்டைதான் அரிவாளாகிறது. ஏறக்குறைய 0.6 சதவீதம் கார்பன் உள்ள அந்த எஃகு, உலையில் சில நிமிடம் கூடுதலாகக் கிடந்தாலே கெடும். சுமார் 800 டிகிரி செல்சியஸில் அதன் படிக மணிகள் புதிதாக அமைகின்றன. 1,000 டிகிரிக்கு மேல் விட்டுவைத்தால் ஒன்றையொன்று விழுங்கிப் பருக்கின்றன. அந்த நிலையில் தண்ணீரில் தோய்த்த அரிவாள் கடினமாகத்தான் இருக்கும். ஓங்கி வெட்டும்போது மணிகளின் எல்லை வழியே விரிசல் ஓடிவிடும்.

சூட்டில் எஃகு கெடும் கவலை இன்னோரிடத்திலும் உண்டு: அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே, கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில் நீராவி ஆக்கும் கலன்களில், 9 சதவீதம் குரோமியமும் 1 சதவீதம் மாலிப்டினமும் சேர்ந்த எஃகுக் குழாய்கள். வெளியே 525 டிகிரிச் சோடியம், உள்ளே நீரும் நீராவியும். சுவர் விரிசல் விட்டால் இரண்டும் சந்தித்துத் தீவிரமாக வினைபுரியும். இந்த வெப்பத்தில் மணிகள் பருப்பதில்லை. எல்லைகளில் பொடியாகப் படிந்த கார்பைடுகள்தான் ஆண்டுக்கணக்கில் பருக்கின்றன. மாலிப்டினம் இரும்போடு சேர்ந்து, லாவஸ் எனப்படும் நொறுங்கும் சேர்மமாக ஒதுங்குகிறது. எஃகு நொறுங்கத் தொடங்கும் வெப்பநிலை வரம்பு இதனால் மேலேறும். உலை ஓடும்போது இந்த நலிவு தெரியாது. நிறுத்திக் குளிரவிட்ட பிறகே ஆபத்து. 600 டிகிரியை ஒட்டி இம்மாற்றங்கள் விரைவாகும் என்பதால், ஆய்வுக்கூடத்தில் மாதிரிகளை ஆயிரக்கணக்கான மணி நேரம் காய்ச்சி, சார்பி எனப்படும் தாக்குச் சோதனைச் சுத்தியலால் உடைத்துப் பார்க்கிறார்கள்.

பெரிய வேற்றுமை மீட்சியில்தான் இருப்பதாக நினைக்கிறேன். கொல்லர் அரிவாளை மறுபடி அளவான சூட்டில் சிவக்கவைத்துக் காற்றில் ஆறவிட்டால் மணிகள் பொடியாகிவிடும். பொறி பறக்கக் கருகியிருந்தால் மட்டும் வழியில்லை. ஈனுலைக் குழாயைக் கழற்றி 1,050 டிகிரிக்குக் காய்ச்ச முடியுமா? அதற்கான மருந்தை உருக்கும்போதே கலந்தாக வேண்டும். சுமார் 0.2 சதவீத வனேடியமும் அதனினும் குறைந்த நியோபியமும் நைட்ரஜனோடும் கார்பனோடும் சேர்ந்து, எளிதில் பருக்காத நுண்துகள்களாக நின்று எஃகைத் தாங்குகின்றன.

பற்றவைத்த இடத்தில் பட்டறைக் கணக்கு தலைகீழாகிறது. அரிவாளுக்கு நன்மை தரும் பொடி மணிகள், நெடுங்கால வெப்பமும் இழுவிசையும் சேரும்போது பலவீனமாகின்றன. பற்றுக்கு ஓரமாய் உள்ள நுண்மணிப் பட்டைதான் முதலில் விரிசல் விடுகிறது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய ஆய்வாளர்கள் இதற்காகவே நைட்ரஜனைக் குறைத்து, துளி போரான் சேர்த்த எஃகை உருவாக்கினார்கள். போரான் கார்பைடுகளுக்குள் புகுந்து, எல்லைகளில் அவை பருப்பதைத் தாமதப்படுத்துகிறது.