முள் குத்தாத கால்கள்



நேற்று பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஓர் ஓவியம் அனுப்பி, "எவ்வளவு அழகு பாருங்க சார்" என்று எழுதியிருந்தார். பிரெஞ்சு ஓவியர் பூகரோ 1889-இல் வரைந்த மேய்ச்சல்காரச் சிறுமி. தோளில் கோல், வெறுங்கால்.

அழகுதான். ஆனால் என் கண் அந்தக் காலுக்குத்தான் போனது. ஒரு கீறல் இல்லை, வெடிப்பு இல்லை.

இதே பூகரோ 1882-இல், கொட்டை பொறுக்கப் போன இரண்டு சிறுமிகள் புல்தரையில் ஓய்வெடுப்பதாக ஒரு படம் வரைந்தார். அதே 1882-இல்தான் பிரான்சில் 6 முதல் 13 வயது வரை கல்வி கட்டாயம் என்று சட்டம் வந்தது. அதன் பிறகும் அறுவடைக் காலத்தில் கிராமத்துப் பிள்ளைகள் வயலுக்குத்தான் போனார்கள். பணக்காரர் வீட்டுச் சுவருக்குப் போன படங்களில் அந்தக் களைப்பு தெரியாது.

நம் நாட்டில் அந்த ஐரோப்பியப் பாணியில் புகழ்பெற்றவர் ராஜா ரவிவர்மா. 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்து ஓவியங்களில் ஒன்று, பிள்ளைகளோடு இருக்கும் ஒரு நாடோடித் தாயின் படம். மறு ஆண்டு அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அச்சுப் படங்கள் எளியவர் வீட்டுச் சுவருக்கும் வந்தன. பிறகு சிவகாசி காலண்டர்கள் வந்தன.

1987-இல் என் வகுப்பறையிலும் கடைக்காரர் கொடுத்த காலண்டர் ஒன்றை மாட்டியிருந்தேன். ஆடு மேய்க்கும் சிறுமி, பளபளக்கும் முகம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து படித்த ஒரு பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "சார், இந்தப் பொண்ணு செருப்பு போடலியே, முள்ளு குத்தாதா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் காலைக் குனிந்து பார்க்கவில்லை.

அந்தக் காலண்டர்கள் அச்சான சிவகாசிப் பக்கத்தில்தான், அன்று பள்ளி வயதுப் பிள்ளைகள் தீப்பெட்டி ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தடைச் சட்டம் வந்தது 1986-இல். ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-இல். 6 முதல் 14 வயது வரை கல்வி உரிமை என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010-இல்.

கேள்வி கேட்ட அந்தப் பெண் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். சாமை அறுப்புக்குப் போனவள் திரும்பவில்லை. நான் ஒரே ஒரு முறை அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவள் அப்பா, "அடுத்த வாரம் அனுப்புறேன் சார்" என்றார். நம்பி மலை இறங்கிவிட்டேன். மறுபடி போயிருக்க வேண்டும்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். படத்தை ரசியுங்கள், தவறில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து மூன்று நாள் 'ஆ' விழுந்தால், நான்காம் நாள் அந்த வீட்டுக்குப் போய்விடுங்கள். ஒரு முறையோடு நிறுத்திவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், போளூர்