'பழமைவாதி' என்று எழுதிவிட்டால் போதுமா? சென்னை மாகாணத் தலைவர்கள் மூவர்



ஒரு தலைவரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நம்ம மாணவர்கள் பலர் முதல் வரியிலேயே முத்திரை குத்திவிடுகிறார்கள். 'இவர் முற்போக்குவாதி', 'அவர் பழமைவாதி'. அதோடு முடிஞ்சது. காரணம் இருக்காது, சான்று இருக்காது. மதிப்பெண் அங்கேதான் குறையுது.

பழமைவாதி என்றால் யார்? இருக்கிற ஒன்றைக் காப்பாற்ற நினைப்பவர், மாற்றம் வந்தால் மெதுவாக வரட்டும் என்பவர். சரி, எதைக் காப்பாற்ற நினைத்தார்? யாருக்காக? அதனால் யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு? இந்தக் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு, பழைய சென்னை மாகாணத்தின் மூன்று தலைவர்களைப் பார்ப்போம். மூவருமே ஏதோ ஒரு வகையில் பழமைவாதிகள். ஆனா மூவரும் ஒரே மாதிரி இல்லை.

1. பொப்பிலி அரசர்: நிலத்தைக் காத்தவர்

பொப்பிலி இன்றைய ஆந்திரத்தில் உள்ளது. அன்று அது சென்னை மாகாணத்தின் பெரிய ஜமீன்களில் ஒன்று. அதன் அரசர் ராமகிருஷ்ண ரங்கா ராவ் 1932இல் நீதிக்கட்சியின் சார்பில் மாகாணத்தின் முதலமைச்சர் ஆனார். இடையில் சில மாதங்கள் பி.டி. ராஜன் பதவியில் இருந்தார். அதைத் தவிர, 1937 வரை ஆட்சி பொப்பிலி அரசரிடம்தான் இருந்தது.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். 1916இல் தோன்றிய நீதிக்கட்சி, அரசுப் பணிகளில் பிராமணர் அல்லாதாருக்கு இடம் கேட்ட கட்சி. வகுப்புவாரி ஒதுக்கீட்டு ஆணையைக் கொண்டுவந்ததும் அந்தக் கட்சியின் ஆட்சிதான். அந்த வகையில் அது மாற்றம் கேட்ட கட்சி. ஆனால் அதன் தலைமையில் ஜமீன்தார்களும் பெருநிலக்காரர்களும் நிறைய இருந்தார்கள். 1930களில் உலகப் பொருளாதார மந்தம் வந்து விளைபொருள் விலை விழுந்தபோது, உழவர்களின் கோபம் நிலக்காரர்கள் மேலும் அவர்கள் கட்சி மேலும் திரும்பியது.

1937 தேர்தலில் சட்டப்பேரவையின் 215 இடங்களில் காங்கிரஸ் 159 இடங்களைப் பிடித்தது. பொப்பிலி அரசர் தம் சொந்த ஊர்த் தொகுதியிலேயே தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் தொழிற்சங்கத் தலைவர் வி.வி. கிரி, பிற்காலத்தில் இந்தியாவின் குடியரசுத் தலைவர். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்தது. சாதி விஷயத்தில் மாற்றம் கேட்ட ஒரு கட்சி, நில விஷயத்தில் பழமையோடு நிற்க முடியும். இது முதல் பாடம்.

2. சத்தியமூர்த்தி: மரபைக் காத்தவர்

தீரர் சத்தியமூர்த்தி 1887இல் திருமயத்தில் பிறந்தவர். காங்கிரசின் பெரிய பேச்சாளர். ஆங்கில ஆட்சியைச் சட்டமன்றத்துக்குள்ளேயே நின்று எதிர்த்தவர். சென்னை மேயராக இருந்தபோது நகரின் குடிநீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கப் பூண்டி நீர்த்தேக்கத்துக்காக உழைத்தார். அந்த ஏரி இன்றும் அவர் பெயரில்தான் இருக்கு.

ஆனால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கேட்டபோது, சத்தியமூர்த்தி அதை எதிர்த்தார். இசையும் நடனமும் கோயில் மரபும் இதனால் அழியும் என்பது அவருடைய வாதம். முத்துலட்சுமி அம்மையாரோ கலையைப் பற்றிப் பேசும் முன், சிறு வயதிலேயே கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்களின் வாழ்க்கையைப் பாருங்கள் என்ற பக்கம் நின்றார். தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் முழுமையாக வந்தது.

சத்தியமூர்த்தி கலை மேல் வைத்த அன்பு பொய்யில்லை. ஆனால் அந்த மரபின் பாரத்தைச் சுமந்தவர்கள் வேறு ஆட்கள். அரசியல் விடுதலைக்காகச் சிறை போன ஒருவரே, சமூக விடுதலையில் தயங்கி நின்றார். இரண்டையும் சேர்த்து எழுதுகிற மாணவர்தான் நல்ல விடை எழுதுகிறார்.

3. ராஜாஜி: எந்தப் பெட்டியிலும் அடங்காதவர்

மூவரில் சிக்கலானவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. 1937இல் முதலமைச்சர் ஆனதும் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள், சாராய வருமானம் போனால் கஜானாவுக்கு என்ன செய்வது? அதற்காக 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். கடனில் மூழ்கிய உழவர்களுக்காக 1938இல் கடன் நிவாரணச் சட்டமும் வந்தது.

கோயில் நுழைவு விஷயத்தில் முதலில் தயங்கினார். எம்.சி. ராஜா மாகாணம் முழுவதற்கும் கொண்டுவந்த மசோதாவை ஆதரிக்காமல், மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் போதும் என்றார். ஆனால் 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் சென்றபோது, அவர்கள்மேல் வழக்கு வராமல் காக்க உடனே சட்டம் செய்தார்.

இந்தி? 1938இல் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அவர். பெரிய போராட்டம் வெடித்தது. சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் உயிரிழந்தார்கள். அதே ராஜாஜி 1960களில் இந்தித் திணிப்பை எதிர்த்தார்.

இனி ஆசிரியர்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய பகுதி. 1952இல் மறுபடி முதலமைச்சரான ராஜாஜி, 1953இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணி. பள்ளி இரண்டு வேளையாக நடக்கும். மீதி நேரத்தில் பிள்ளை, பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்கும். பணம் குறைவு, ஆசிரியர் குறைவு, பள்ளிக்கு வராத பிள்ளைகள் அதிகம். அதே கட்டடத்தில், அதே ஆசிரியரைக் கொண்டு இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்பது அரசின் கணக்கு.

காலைப் பள்ளி, மாலைப் பள்ளி என்ற ஏற்பாடு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நமக்குப் பழக்கமானதுதானே? இரண்டு வேளைப் பள்ளி யாருக்கும் கோபம் தரவில்லை. கோபம் வந்தது அந்த 'மீதி நேரத்தில்'. சவரத் தொழிலாளியின் மகன் சவரக் கத்தியைத்தான் பிடிக்கணுமா? சலவைத் தொழிலாளியின் மகள் துறைக்குத்தான் போகணுமா? எதிர்த்தவர்கள் இதற்கு வைத்த பெயர் 'குலக்கல்வித் திட்டம்'. பெரியாரும் தி.மு.க.வினரும் தெருவில் இறங்கினார்கள். காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு எழுந்தது. அரசு அமைத்த பருலேக்கர் குழு திட்டத்தை ஆதரித்தும், மக்களிடம் எடுபடவில்லை. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. அந்தக் காமராஜருக்கு அரசியல் குரு யார் தெரியுமா? மேலே பார்த்த சத்தியமூர்த்தி! வரலாறு இப்படித்தான் நேர்க்கோட்டில் போகாது.

தோட்டத்தில் வளர்ந்த நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தக் கோபம் ஏன் என்று புரியும். அப்பா பால்மரம் வெட்டினால் மகனும் பால்மரம், அம்மா புல் வெட்டினால் மகளும் புல் என்று எத்தனை தலைமுறை போச்சு? அந்த வட்டத்தை உடைத்தது எது? பள்ளிக்கூடம்தான். அதனால் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்சத்தைப் பெற்றோர் தொழிலுக்குக் கொடு என்று யார் சொன்னாலும், சொன்னவரின் நோக்கம் நல்லதாகவே இருந்தாலும், கேட்பவருக்கு வலிக்கும்.

பின்னாளில் ராஜாஜி இன்னொரு வகைப் பழமைவாதத்துக்குத் தலைவர் ஆனார். 1959இல் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறையை முன்வைத்தபோது, உழவனின் நிலத்தையும் வணிகனின் தொழிலையும் அரசு கட்டுப்படுத்தக் கூடாது என்று சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்க வைக்கும் ஆட்சியை 'பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று சாடினார். 1967 தேர்தலில் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது. அதே ஆண்டு சென்னை மாநிலத்தில் அது தி.மு.க.வோடு கூட்டணி வைத்தது. 1953இல் அவரை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள், அவர் துணையோடு ஆட்சிக்கு வந்தார்கள். 1972 டிசம்பர் 25 அன்று அவர் காலமானார்.

தேர்வில் எப்படி எழுதுவது?

பொப்பிலி அரசர் காத்தது நிலவுடைமையை. சத்தியமூர்த்தி காத்தது மரபை. ராஜாஜி ஒரு காலத்தில் குலத்தொழிலை ஒட்டிய கிராம ஒழுங்கையும், பின்னர் தனிமனிதனின் சொத்துரிமையையும் காத்தார். 'மூவரும் பழமைவாதிகள்' என்று ஒரே வரியில் எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துபோகும். ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்கை, ஒரு ஆண்டு, ஒரு விளைவு என்று எழுதிப் பழகுங்கள். அவருக்கு எதிராகப் போகும் ஒரு சான்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. வகுப்பை இரண்டாகப் பிரித்து, 1953 திட்டத்தை ஒரு குழு ஆதரிக்கட்டும், ஒரு குழு எதிர்க்கட்டும். பாதி நேரம் முடிந்ததும் பக்கத்தை மாற்றிவிடுங்கள். கடைசியில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: 'அந்தத் திட்டம் உன் தாத்தா காலத்தில் இங்கே வந்திருந்தால், நீ இன்று எங்கே இருந்திருப்பாய்?' பிள்ளைகள் கொஞ்ச நேரம் யோசிக்கட்டும். அவசரப்படுத்தாதீங்க.