கார் பிரேக்கில் 'ஏர் எடுப்பது' ஏன் முக்கியம்?

திருச்சியில் இருந்து ஸ்ரீரங்கம் போக காவிரிப் பாலம் ஏறுறீங்க. முன்னால் போன பஸ் சட்டென நிற்குது. உங்க பிரேக் மிதி பஞ்சு மாதிரி அமுங்கினால்?

பிரேக் வேலை பார்த்தபோது பைப்பில் காற்று புகுந்திருக்கலாம். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். அதனால் மிதிக்கிற அழுத்தம் சக்கரத்துக்கு முழுசா போகாது.

இதை வெளியேற்ற இரண்டு பேர் வேணும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தில் உள்ள நிப்பிளைத் திறந்து, குமிழியோடு ஆயில் வந்ததும் மூடணும். அதுக்கு அப்புறம்தான் காலை எடுக்கணும். முந்தினால் காற்று திரும்ப உள்ளே போயிடும். குமிழி நிற்கும்வரை இதேதான். நடுவில் டப்பா காலியானால் மறுபடி முதலிலிருந்து!

வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்ற விடாதீங்க. அது ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயிலின் குறைந்தபட்ச கொதிநிலை புதுசில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறினால் 155.

எந்தச் சக்கரம் முதலில் என்பது காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பாருங்க.