ஆலோசகர் பணித்தேர்வில் பாகுபாடு (அமெரிக்கா)

உளநல ஆலோசனையில் முதுகலை முடித்த புதியவர்களை வேலைக்கு எடுக்கையில் நேரும் நியாயமற்ற ஒதுக்கல். இனம், நிறம், மதம், பால், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காட்டி ஒருவரைப் புறக்கணிப்பதை 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் பெயரைப் படிக்கும்போதே பாகுபாடு தொடங்கிவிடுகிறது. ஆய்வாளர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகர நிறுவனங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்கள் அனுப்பினர். 2004இல் வெளியான முடிவு: கறுப்பினப் பெயர்களைவிட வெள்ளையர் பெயர்களுக்கு ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல் அழைப்பு. அது விற்பனை, அலுவலக வேலைகள் பற்றிய ஆய்வு; ஆலோசகர் பணி பற்றியதல்ல.

ஆலோசகர்களுக்கு வேறொரு தடையும் உண்டு. அதிகம் பேசப்படாதது, ஆனால் கொடியது. பட்டத்துக்குப் பின் மேற்பார்வையில் நெடுங்காலம், பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கான மணி நேரம், பணியாற்றினால்தான் முழு உரிமம். காப்பீட்டாளர் பலர் முழு உரிமம் பெற்றவரின் சேவைக்கே பணம் தருவதால் மருத்துவமனைகள் சில புதியவரைத் தவிர்க்கின்றன. குறைந்த சம்பளத்தில் அந்த ஆண்டுகளைக் கடத்தக் குடும்ப வசதி வேண்டும். திறமையுள்ள ஏழைப் பட்டதாரி இங்கேதான் உதிர்கிறார்.

“நம் குழுவுக்கு ஒத்துவருவாரா” என்று நேர்காணலில் எழும் மனப்பதிவும், தேர்வு செய்பவரைத் தன்னைப் போன்றவரையே தேர்ந்தெடுக்க வைக்கும். எல்லோரிடமும் ஒரே கேள்விகள் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் இடும் நேர்காணல் இதைக் கணிசமாகக் குறைக்கிறது.