வருஷத்துக்கு ஆறே டோர்னமெண்ட்: ஸ்னூக்கரின் 2009-10 சீசன்



இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். நீங்க ஒரு தொழில்முறை ஸ்னூக்கர் ஆட்டக்காரர்னு வெச்சுக்கோங்க. சர்வதேசச் சுற்றில் இடம் பிடிச்ச 96 பேர்ல ஒருத்தர். வருஷம் முழுக்கப் பயிற்சி, வேற வேலை கிடையாது. ஆனா தரவரிசைப் புள்ளி கிடைக்கிற டோர்னமெண்ட் வருஷத்துக்கு ஆறுதான். எல்லாமே நாக்-அவுட். ஆறிலும் முதல் மேட்ச்லயே தோத்துட்டா, அந்த ஆறிலும் சேர்த்து நீங்க ஆடினது மொத்தம் ஆறே மேட்ச்.

இது சும்மா சொல்ற கணக்கு இல்லை. 2009-10 சீசன் இப்படித்தான் இருந்தது. அந்த சீசன் முடிந்து ஒரே மாதத்தில் ஆட்டக்காரர்கள் ஒரு ஓட்டு போட்டார்கள். இதுவரை தங்கள் சங்கத்தின் கையில் இருந்த வியாபாரத்தை ஒரு தனி மனிதரிடம் ஒப்படைக்கலாமா, வேண்டாமா? அந்த இடத்துக்கு ஸ்னூக்கர் எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் இன்றைய எபிசோடு.

முதலில் கொஞ்சம் பின்னாடி போகணும். ஸ்னூக்கர் பிறந்தது இந்தியாவில்தான். 1875இல் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லைன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் கலர் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார். பிரதமராக இருந்தாரே, அந்த சேம்பர்லைன் இல்லை, இவர் வேற. 1882இல் நம்ம ஊட்டி கிளப்பில்தான் இந்த ஆட்டத்தின் விதிகளை எழுதி வைத்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. அங்கிருந்து ஆட்டம் இங்கிலாந்துக்குப் போனது.

ஆனால் இதை ஒரு பிழைப்பாக மாற்றியது டிவி. கலர் டிவி வந்த பிறகுதான் சிவப்பு எது, பிங்க் எது என்று வீட்டில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்தது. 1977இல் உலக சாம்பியன்ஷிப் ஷெஃபீல்டு நகரத்தின் க்ரூசிபிள் தியேட்டருக்கு வந்தது. 1985 இறுதிப்போட்டியில் ஸ்டீவ் டேவிஸ், டென்னிஸ் டெய்லருக்கு எதிராக 8-0 என்று முன்னிலையில் இருந்தார். அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? மேட்ச் 17-17க்கு வந்து, கடைசி ஃபிரேமின் கடைசிக் கறுப்புப் பந்து வரைக்கும் போனது. நள்ளிரவைத் தாண்டி டெய்லர் அதை விழத்தட்டி ஜெயித்தபோது, 1 கோடியே 85 லட்சம் பேர் பிபிசி 2இல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய பிரிட்டன் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

சரி, இவ்வளவு பெரிய விளையாட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? சிகரெட்டில் இருந்து.

பிரிட்டனில் 1965இலேயே டிவியில் சிகரெட் விளம்பரத்தைத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் ஒரு விளையாட்டுப் போட்டிக்கு ஸ்பான்சராக இருக்கத் தடை இல்லை. போட்டியின் பெயரிலேயே பிராண்டு பெயர் இருந்தால், மணிக்கணக்கில் அது டிவியில் ஓடும். எம்பஸி 1976இல் இருந்து உலக சாம்பியன்ஷிப்பை எடுத்துக்கொண்டது. பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் 1975இல் இருந்து மாஸ்டர்ஸ். ராத்மன்ஸ் கிராண்ட் ப்ரீ. ஸ்னூக்கர் காலண்டரின் பாதியை ஒரு பெட்டிக்கடை அலமாரியில் பார்க்கலாம் போல இருந்தது.

2002இல் புகையிலை விளம்பரச் சட்டம் வந்தது. மாஸ்டர்ஸின் ஸ்பான்சர் 2003இல் விலகியது. உலக சாம்பியன்ஷிப்புக்கு மட்டும் 2005 வரை அவகாசம் கிடைத்தது. அதன் பிறகு வந்த ஒரு ஆன்லைன் சூதாட்ட நிறுவனம் ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டு, மூன்றே வருஷத்தில் கிளம்பிவிட்டது. சட்டம் சரியானதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இது வரும் என்று தெரிந்தும், ஒரே வருமானத்தை நம்பி உட்கார்ந்திருந்தது ஸ்னூக்கர் நிர்வாகம்.

இப்போ 2009-10க்கு வருவோம்.

செப்டம்பரில் ஷாங்காய் மாஸ்டர்ஸ், ஜெயித்தவர் இங்கிலாந்தின் ரானி ஓ'சல்லிவன். அக்டோபரில் கிளாஸ்கோவில் கிராண்ட் ப்ரீ, ஆஸ்திரேலியாவின் நீல் ராபர்ட்சன். டிசம்பரில் டெல்ஃபர்டில் யுகே சாம்பியன்ஷிப், சீனாவின் டிங் ஜுன்ஹுய். இதன் ஸ்பான்சர் பக்கா பைஸ், பேஸ்ட்ரி கம்பெனி. ஜனவரியில் வெல்ஷ் ஓபன், ஸ்காட்லாந்தின் ஜான் ஹிக்கின்ஸ். அப்புறம் மார்ச் கடைசி வரைக்கும் தரவரிசை டோர்னமெண்ட் எதுவும் இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்த பெய்ஜிங் சைனா ஓபனில் வேல்ஸின் மார்க் வில்லியம்ஸ். கடைசியாக உலக சாம்பியன்ஷிப், மறுபடியும் ராபர்ட்சன்.

கவனிச்சீங்களா? ஆறு டோர்னமெண்டில் ஐந்து வேறு வேறு சாம்பியன்கள், ஐந்து நாடுகள். ஆட்டத்தின் தரத்தில் குறையே இல்லை. ஆட இடம்தான் இல்லை. முதல் 16 பேருக்கு நேரடி இடம், மாஸ்டர்ஸ் மாதிரி அழைப்புப் போட்டிகளும் உண்டு. மற்றவர்கள் தகுதிச் சுற்றுகளில், டிவி கேமரா இல்லாத அறைகளில், முட்டிமோதி மேலே வரணும்.

அந்த வருஷ க்ரூசிபிளில் இன்னொன்றும் நடந்தது. 52 வயசான ஸ்டீவ் டேவிஸ், அதே 1985 டேவிஸ்தான், நடப்பு சாம்பியன் ஹிக்கின்ஸை இரண்டாவது சுற்றில் 13-11 என்று வீழ்த்தினார். அரங்கமே எழுந்து நின்றது. அடுத்த சுற்றில் ராபர்ட்சன் அவரை 13-5 என்று வென்றார்.

மே 2, இறுதிப்போட்டி தொடங்கும் நாள். காலையில் ஒரு ஞாயிறு பத்திரிகை குண்டு போட்டது. பணம் வாங்கிக்கொண்டு ஃபிரேம்களைத் தோற்பது பற்றி ஹிக்கின்ஸிடம் பேசி, ரகசியமாகப் படம் பிடித்திருந்தார்கள். உடனே அவரை இடைநீக்கம் செய்தார்கள். செப்டம்பரில் விசாரணை முடிந்தபோது மேட்ச் ஃபிக்ஸிங் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அந்தப் பேச்சுக்கு ஒப்புக்கொள்வது போன்ற தோற்றம் கொடுத்ததற்கும், அதைப் புகார் செய்யாததற்கும் ஆறு மாதத் தடையும் 75,000 பவுண்ட் அபராதமும் விதித்தார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் யாருக்கும் தெரியாது. கிரேம் டாட்டை 18-13 என்று வென்று, பிரிட்டன், அயர்லாந்துக்கு வெளியே இருந்து 1980க்குப் பிறகு வந்த முதல் உலக சாம்பியன் ஆனார் ராபர்ட்சன். அவர் கோப்பையைத் தூக்கியபோது பேச்சு வேறொன்றைப் பற்றி இருந்தது.

இந்தச் சூழலில்தான் ஜூன் 2 ஓட்டெடுப்பு. பேரி ஹெர்ன், தொழிலில் ஒரு கணக்காளர். ராம்ஃபோர்டில் ஸ்னூக்கர் ஹால் நடத்தியபோது இளம் டேவிஸைக் கண்டெடுத்து மேனேஜர் ஆனவர். 2009 டிசம்பரில் பழைய தலைவர் ராட்னி வாக்கரை ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிவிட, ஹெர்ன் சங்கத் தலைவர் ஆனார். இப்போது அவர் கேட்டது, ஸ்னூக்கரின் வணிகப் பிரிவில் 51 சதவீதம். கொடுத்தால் நிறைய டோர்னமெண்ட் நடத்துகிறேன் என்றார்.

முடிவு: ஆதரவு 35, எதிர்ப்பு 29. நாலு பேர் மனசு மாறியிருந்தால் கதையே வேற.

அடுத்த சீசனே பன்னிரண்டு சின்ன டோர்னமெண்டுகள் வந்தன, ஷெஃபீல்டில் ஆறு, ஐரோப்பிய ஊர்களில் ஆறு. பெர்லினில் ஜெர்மன் மாஸ்டர்ஸ் வந்தது. பத்தே நிமிஷத்தில் முடியும் ஷூட் அவுட் திரும்ப வந்தது. 2013இல் டெல்லிக்கே இந்தியன் ஓபன் வந்தது. அதில் மும்பையின் ஆதித்யா மேத்தா, தரவரிசைப் போட்டியின் இறுதிக்குப் போன முதல் இந்தியர் ஆனார். காலண்டரில் அந்த ஒரு வாரம் இல்லாமல் இருந்திருந்தால், அந்த வாய்ப்பே இல்லை.

அதுக்காக எல்லாம் சுபம்னு சொல்ல மாட்டேன். விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் ஆட்டக்காரர் பாக்கெட்டில் இருந்துதான். பல டோர்னமெண்டில் முதல் சுற்றில் தோற்றால் கையில் ஒரு பைசா வராமல் இருந்தது. ஒரு சீசனுக்குக் குறைந்தது 20,000 பவுண்ட் என்ற உத்தரவாதம் 2022-23இல்தான் வந்தது. எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த 29 பேரை முட்டாள்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொந்த வீட்டை விற்கச் சொன்னால் யார்தான் யோசிக்காமல் இருப்பார்கள்?

ஆனா என் கருத்து இதுதான். வருஷத்துக்கு ஆறு மேட்ச் ஆடுறவருக்கு அந்த வீட்டின் பத்திரம் சோறு போடாது. ஆட மேசை வேணும், தேதி வேணும். அந்த 35 பேர் கேட்டது அதைத்தான்.

நீங்க அந்த ஹால்ல இருந்திருந்தா எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பீங்க? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல வாசிக்கிறேன்.