பெரம்பலூர் வட்டாரத்தில் வேளாண் படிப்பும் அதைத் தேர்வோரின் நோக்கமும்

தமிழ்நாட்டில் வேளாண் படிப்பை நாடியவர்களை முதலில் இழுத்தது அரசு உத்தியோகமே. 1868இல் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளி தொடங்கியபோது, படித்தவர்கள் ஊர் திரும்பி உழவைச் சீர்திருத்துவார்கள் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் பலர் அரசுத் துறைகளையே தேடிச் சென்றனர். பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு மாறியது. 1920இல் அங்கிருந்த கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. பட்டம் கிடைத்ததும் உத்தியோகத்தின் ஈர்ப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

இதற்கு விலக்கானவர்களில் தலையாயவர் 1925இல் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்த அவரை 1943 வங்கப் பஞ்சம் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிக்குத் திருப்பியது. பின்னர் காவல் பணித் தேர்வில் வென்றும் மரபியலையே தொடர்ந்தார். ஆனால் ஒரு மேதையின் முடிவைக் கொண்டு ஒரு தலைமுறையை அளக்க முடியாது.

1969இல் வங்கிகள் நாட்டுடைமையாகி விவசாயக் கடன் பெருகவே, வேளாண் பட்டதாரிக்கு வங்கியிலும் இடம் உண்டானது. 1971இல் கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானது. அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்த பெரம்பலூர்ப் பகுதிக்குக் கோவை தொலைவு. 1989இல் திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் கல்லூரி வந்த பிறகே அரசுக் கல்லூரி கைக்கெட்டியது. இன்று பெரம்பலூரிலேயே ரோவர் வேளாண் கல்லூரி இருக்கிறது.

மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும், கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயமும் பெரம்பலூர் மாவட்டத்தின் பிழைப்பு. 2018இல் அமெரிக்கப் படைப்புழு மக்காச்சோளக் குருத்தைத் தின்று தீர்த்தது. பெரம்பலூரும் அரியலூரும் பெருநட்டம் கண்டன. குருத்தைப் பிரித்துப் புழு தேடுவது, ஏக்கருக்கு எத்தனை இனக்கவர்ச்சிப் பொறி என்று கணக்கிடுவது எல்லாம் படிக்காத விவசாயிக்கும் அன்றாட வேலையாயின. இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பெறும் பணி அனுபவத்தில் கற்பதும் இவற்றைத்தான். காடுகரை உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இப்படிப்பு அந்நியமில்லை. ஆனால் மழையையும் விலையையும் நம்பி அல்லாடிய பெற்றோர், பிள்ளை ஏர் பிடிக்கவேண்டும் என்று கல்லூரிக்கு அனுப்புவதில்லை.

சேர்க்கை விதிகளும் தேர்வைத் திருப்புகின்றன. 2017 முதல் மருத்துவத்துக்கு நீட் கட்டாயமானது. உயிரியல் படித்து அந்த வாசல் அடைபட்டவர்களுக்கு, பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேரும் பிஎஸ்சி அக்ரி அடுத்த வாய்ப்பு. 2021இல் வந்த சட்டம் அரசுப் பள்ளி மாணவருக்கு வேளாண் படிப்பிலும் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கியது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இதன் பயன் சிறிதல்ல. சேர்ந்தபின் இலக்கு பெரும்பாலும் டிஎன்பிஎஸ்சி வேளாண்மை அலுவலர், வங்கி வேளாண் கள அலுவலர் பணிகளே. குடிமைப் பணித் தேர்வில் வேளாண்மை விருப்பப் பாடமாக இருப்பதும் ஓர் ஈர்ப்பு.

அண்மைக் காரணம் ஒன்று ஆய்வாளர் கண்ணில் அதிகம் படுவதில்லை. பூச்சிமருந்து விற்பவருக்கு வேளாண்மை அல்லது தொடர்புடைய அறிவியல் கல்வித் தகுதி வேண்டும் என்று 2015இல் மத்திய அரசு விதி திருத்தியது. 2002 முதலே வேளாண் பட்டதாரிகள் ஆலோசனை மையம் தொடங்கப் பயிற்சியும் கடன் மானியமும் தரும் திட்டம் நடப்பில் உள்ளது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்து தெளிக்கும் ஊர்களில், பட்டம் பெற்றவர் உள்ளூரிலேயே உரக்கடை வைத்துப் பிழைக்க இவை வழி திறந்துள்ளன.